பைக்கைப் பார்க்க விடாதவர்கள்

குன்னூரில் பழைய சாமான் வாங்க நல்ல மாதம் ஏப்ரல். வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் ஜூன் வாக்கில் தொடங்கும் படிப்பு அப்போதுதான் முடியும். முப்படை அதிகாரிகளும் குடும்பத்தோடு அடுத்த ஊருக்குக் கிளம்புவார்கள். வாஷிங் மெஷின், ரூம் ஹீட்டர், பிள்ளைகளின் சைக்கிள், படிக்கும் மேஜை என்று எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி ஜோத்பூருக்கோ தேஜ்பூருக்கோ கொண்டுபோக யாருக்கு மனசு வரும்? பாதி விலைக்கு, சில சமயம் அதற்கும் கீழே, கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் பெட்ஃபோர்டு பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவை, மொபைல் சர்வீஸ் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். கூடவே இந்தப் பழைய சாமான் வியாபாரமும் கொஞ்சம் உண்டு.

ராணுவக்காரர் வீட்டுப் பொருள் என்றால் சுத்தமாக இருக்கும், பேச்சில் பிசகு இருக்காது என்பது இந்த மலையில் ஊறிப்போன நம்பிக்கை. எம்.ஆர்.சி.யில் (மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர்) வேலை பார்த்த மாமாவோ, அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் இருந்த சித்தப்பாவோ இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. அந்த நம்பிக்கை தப்பும் இல்லை. நான் அவர்களிடம் வாங்கிய பொருள்களில் பெரும்பாலானவை சொன்னபடியே இருந்தன.

அதனால்தான் செல்போனில் நடக்கும் அந்த மோசடி இங்கே இவ்வளவு சுலபமாக எடுபடுகிறது. "நான் ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, பைக்கை அவசரமாக விற்கிறேன்" என்ற கதையை நாடு முழுக்கச் சொல்கிறார்கள். ராஜஸ்தானின் பரத்பூர், ஹரியானாவின் மேவாத் பக்கத்திலிருந்து நடக்கும் இந்தத் தொழிலைப் பற்றிப் பத்திரிகைகளில் எவ்வளவோ வந்தாயிற்று. சென்னைக்காரருக்கு அது ஒரு கதை. குன்னூர்க்காரருக்கோ கண்ணெதிரே வருடா வருடம் நடக்கும் உண்மை. சந்தேகப்படத் தோன்றாது.

கடையில் உட்கார்ந்து நான் பார்த்தவரை இவர்களிடம் இருக்கும் சரக்கு ஒன்றே ஒன்றுதான்: பொருளை நீங்கள் ஏன் நேரில் பார்க்க முடியாது என்பதற்கு ஒரு நல்ல காரணம். பைக், சோபா, கேமரா எல்லாம் இணையத்தில் யாரோ போட்ட படங்கள். காரணம் மட்டும்தான் சொந்தமாகத் தயாரித்தது. மலையில் இருப்பவர்களிடம் இந்தக் காரணம் நன்றாக விலைபோகும். கோயம்புத்தூரில் நிற்கும் ஒரு பைக்கைப் பார்க்க வேண்டுமானால் ஒரு நாள் கூலியை விட வேண்டும். பதினாலு கொண்டை ஊசி வளைவு இறங்கி, மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் ஏறி வர வேண்டும். மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு எப்போது அடைபடும் என்று தெரியாது. அப்படி இருக்கும்போது ஒருவன் "நீங்க சிரமப்பட வேண்டாம், நானே அனுப்பி வைக்கிறேன்" என்றால் அது மரியாதையாகத்தான் காதில் விழும்.

கொலக்கம்பை பக்கத்துத் தம்பி ஒருவன், எஸ்டேட்டில் பிக்கப் ஓட்டுகிறவன், ஒரு நாள் போனை நீட்டி, "அண்ணா, இதையெல்லாம் கலர்ல பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்றான். சீருடையில் ஒரு ஆள் பைக் பக்கத்தில் நிற்கும் படம், ராணுவ அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, ஆதார், ஆர்.சி. புத்தகம். நாம் கேட்காமலே ஒருவர் இத்தனை அடையாளம் காட்டினால் எனக்கு அங்கேயே உறுத்தும். வெலிங்டனில் எத்தனையோ வீட்டில் சாமான் எடுத்திருக்கிறேன். ஒருவர்கூட அடையாள அட்டையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியதில்லை.

"யாரு தம்பி இது?"

"முன்னாடி வெலிங்டன்ல இருந்தவருங்கண்ணா. இப்போ கோயம்புத்தூர் ஏர்போர்ட்ல டூட்டி. அங்கிருந்தும் டிரான்ஸ்ஃபராம். பதினெட்டாயிரத்துக்கு வண்டியக் குடுக்கறாரு."

2021 மாடல். எங்கள் ஊரில் அந்த வண்டி அறுபதாயிரத்துக்குக் குறையாது. "கேட் பாஸ்" என்று 2,150 ரூபாய் ஏற்கெனவே கட்டியிருந்தான். இப்போது ராணுவ டிரான்ஸ்போர்ட் செலவு 5,500. வண்டி வீட்டு வாசலில் இறங்கியதும் இரண்டும் திரும்பக் கிடைக்குமாம். மீதியை அப்போது கொடுத்தால் போதுமாம்.

வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். வண்டி நிஜம். மாடல், நிறம், இன்ஷூரன்ஸ் தேதி எல்லாம் பொருந்தின. உரிமையாளர் பெயரைச் செயலி பாதி மறைத்துத்தான் காட்டும். தெரிந்த எழுத்துகளும் ஆர்.சி.யோடு ஒத்துப்போயின. தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களாண்ணா, எல்லாம் கரெக்டா இருக்குது."

நிறையப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். வண்டி உண்மையா என்பது ஒரு கேள்வி. நம்மிடம் பேசுகிறவனிடம் அந்த வண்டி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வண்டியை விற்கப் போட்ட யாரோ ஒரு அப்பாவியிடம், வாங்குகிறவன் போலப் பேசி ஆர்.சி., ஆதார் படங்களை வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு அதே படங்களை வைத்து, விற்கிறவன் போல இன்னொருவரிடம் பேசுகிறார்கள். அடையாள அட்டைகளும் இப்படிக் கைமாறி வந்தவைதான். தாள் உண்மையாக இருந்தால் ஆளும் உண்மை என்று நினைக்கக் கூடாது.

நானே அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். "சார், பார்சல் ஆபீஸ்ல டு-பே போட்டு அனுப்பிடுங்க. வாடகை எவ்வளவானாலும் இங்க நாங்க கட்டி எடுத்துக்கறோம்" என்றேன். டு-பே என்பது லாரி பார்சல் தெரிந்த எவருக்கும் புரியும்: பொருள் வந்து சேர்ந்த இடத்தில் வாடகை கட்டுவது. ராணுவத்தில் அந்த முறை இல்லை என்றார். "அப்படின்னா என் மச்சான் பீளமேட்டுலதான் இருக்காரு. அரை மணி நேரத்துல வந்து, வண்டியப் பாத்துட்டு, முழுப் பணத்தையும் கையில குடுத்துடுவாரு." சிவிலியன் உள்ளே வரக்கூடாது என்றார். "கேட்டுக்கு வெளிய தள்ளிக்கிட்டு வாங்க சார்" என்றேன். போன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கவே இல்லை.

கவனியுங்கள், நான் அவர்மேல் எந்தக் குற்றமும் சொல்லவில்லை. சண்டையும் போடவில்லை. உண்மையான விற்பவருக்கு இனிக்க வேண்டிய ஒரு யோசனையைச் சொன்னேன், அவ்வளவுதான். முழுப் பணமும் இன்றைக்கே கைக்கு வரும் என்றால் டிரான்ஸ்ஃபரில் போகிற எந்த மனிதர் வேண்டாம் என்பார்? தனியாள் வாங்கிய பைக்கை ராணுவ வண்டியில் ஏற்றி வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுவந்து விடும் ஏற்பாடெல்லாம் எங்கேயும் கிடையாது.

கதை அதோடு முடியவில்லை. மறுநாள் வேறு ஒரு எண்ணிலிருந்து தம்பிக்கு அழைப்பு. லாரி டிரைவராம். வண்டி மேட்டுப்பாளையம் வந்துவிட்டதாம், மலை ஏற இ-பாஸ் கட்டணம் 1,999 அனுப்ப வேண்டுமாம். யோசித்துத்தான் செய்கிறார்கள் என்பதற்கு இது ஒரு சாட்சி. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகள் வர இ-பாஸ் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. இணையத்தில் விவரம் கொடுத்தால் வந்துவிடும். உள்ளூர் செய்தியைக்கூடப் படித்துவிட்டு வருகிறார்கள். இப்போது சிலர் நல்ல தமிழிலேயே பேசுகிறார்கள். ஹிந்தியில் பேசினால்தான் சந்தேகப்பட வேண்டும் என்பதெல்லாம் பழைய கணக்கு.

வெலிங்டன் வீடுகளில் உண்மையில் வியாபாரம் எப்படி நடக்கும் என்று தெரிந்தால் வித்தியாசம் சட்டென்று புலப்படும். அந்த வீட்டு அம்மா முதலில் கேட்பது "எப்போ வந்து எடுத்துக்கிட்டுப் போவீங்க?" என்பது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஒப்படைக்கும் தேதி அவர்களை நெருக்கும். பணம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம், இடம் காலியாவதுதான் முக்கியம். மெஷினை ஓடவிட்டுக் காட்டுவார்கள், பில் இருந்தால் தேடி எடுத்துத் தருவார்கள், சில வீட்டில் டீயும் வரும். நாங்கள் சாமானை ஆட்டோவில் ஏற்றிய பிறகுதான் பணம் கைமாறும். மோசடி ஆளுக்குப் பொருள் எப்போது கிளம்பும் என்ற கவலையே இருக்காது. பேச்சு எங்கே சுற்றினாலும் "எப்போது போடுகிறீர்கள்" என்ற இடத்துக்கே திரும்பி வரும்.

விற்கும் பக்கத்தில் ஆபத்து வேறு மாதிரி. பணம் நமக்குத்தானே வரப்போகிறது, நமக்கு என்ன நஷ்டம் என்று சாதாரணமாக இருந்துவிடுகிறோம்.

கேத்தியில் இருக்கும் அக்கா ஒருவர் டைனிங் டேபிளை ஒன்பதாயிரத்துக்கு ஒரு செயலியில் போட்டார். போட்ட சூடு ஆறுவதற்குள் அழைப்பு வந்தது. பேரம் இல்லை. தேக்கா, ரப்பர் மரமா என்ற கேள்வி இல்லை. நாற்காலி ஆடுமா என்றுகூடக் கேட்கவில்லை. ஊட்டியில் எந்த மனுஷனாவது டைனிங் டேபிளை இப்படி வாங்குவானா? எங்கள் ஊர் வீடுகளின் வாசலும் படிக்கட்டும் தெரிந்தவர்கள் முதலில் அளவுதான் கேட்பார்கள். "சரி மேடம், ஃபிக்ஸ் பண்ணிக்கோங்க. என் ஆள் வந்து எடுத்துப்பான், பணத்த நான் இப்பவே போட்டுடறேன்" என்றான். அப்புறம் ஒரு க்யூஆர் கோடு வந்தது. டெஸ்ட்டுக்காக ஒரு ரூபாய் என்றான். அக்கா ஸ்கேன் செய்து, பின் நம்பர் போட்டார். அவர் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் போய், உடனே இரண்டு ரூபாய் திரும்பி வந்தது. அந்த இரண்டு ரூபாய்தான் தூண்டில். அடுத்து ஒன்பதாயிரத்துக்கு ஒரு கோடு. அவர் மகள் பக்கத்தில் இருந்ததால் அது நடக்கவில்லை. "அம்மா, வாங்கறதுக்கு எதுக்கு பின்னு?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்.

யு.பி.ஐ.யில் பின் நம்பர் போடுவது நம் கணக்கிலிருந்து பணம் போவதற்குத்தான் (இருப்பைப் பார்க்கவும் கேட்கும், அது வேறு). வருவதற்குப் பின் தேவையே இல்லை. க்யூஆர் கோடு கோயில் உண்டியல் மாதிரி, போடத்தான் முடியும். முன்பு "பணம் கேட்டு வேண்டுகோள்" அனுப்பி, அதை "பணம் வரப்போகிறது, சம்மதம் கொடுங்கள்" என்று திரித்துச் சொல்லி நிறைய ஏமாற்றினார்கள். தனிநபருக்குத் தனிநபர் அப்படிக் கேட்டு வாங்கும் வசதியை, யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. அந்த வாசல் அடைபட்டதும் கூட்டம் இந்த வாசலுக்கு வந்துவிட்டது. அக்கா வயதுக்காரர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது சுருக்கமானது: வாங்குகிறவர் உங்கள் போன் நம்பரைப் போட்டுப் பணம் அனுப்பட்டும். நீங்கள் போனைத் தொடவே வேண்டாம். உங்களைத் தொடச் சொல்கிற எதுவும், ஸ்கேனோ லிங்கோ ஓ.டி.பி.யோ, வாங்குகிறவருக்குத் தேவையில்லாத வேலை. திரையைப் பகிரும் செயலியையோ, வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைலையோ ஏற்றச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

இதே மோசடி வகையில் வேறொன்றும் உண்டு: "தெரியாமல் கூடுதலாகப் போட்டுவிட்டேன்". 4,000 ரூபாய் ஹீட்டருக்கு 40,000 வரவு வைக்கப்பட்டதாக ஒரு எஸ்.எம்.எஸ். கூடவே அழுகுரலில் ஒரு அழைப்பு: ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய காசு, தயவுசெய்து 36,000-ஐத் திருப்பிப் போடுங்கள். அந்த எஸ்.எம்.எஸ்.ஸை அனுப்பியது வங்கி இல்லை, பத்து இலக்க சாதாரண மொபைல் எண். வேகமாக வரும் செய்தியில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. பணம் போட்டதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் இப்படித்தான். அச்சு அசலாக அதைத் தயாரித்துக் கொடுக்கும் போலிச் செயலிகள் உண்டு. எங்கள் மார்க்கெட்டில் காய்கறிக் கடைக்காரர்கள்கூட இதில் அடிபட்டிருக்கிறார்கள். நம் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆதாரம். இதில் ஒரு மலைப் பிரச்சினையும் இருக்கிறது. நிறைய ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) சிக்னல் இழுக்கும். இருப்பு திரையில் வர நேரமாகும். வாங்க வந்தவர் நிற்கிறாரே என்ற கூச்சத்தில் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளைக் கொடுத்துவிடுகிறார்கள். கூச்சப்பட வேண்டாம், டீ போட்டுக் கொடுத்து உட்கார வையுங்கள்.

பணம் நிஜமாகவே வந்துவிட்டால் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாது. இது பலருக்குத் தெரியாது. ஒருவர் லேப்டாப்பை விற்றார். பேசியது ஒருவர், எடுத்துப்போக வந்தது இன்னொருவர், பணம் வந்தது மூன்றாவதாக யாரோ ஒரு பெயரில். சில வாரம் கழித்து அவர் வங்கிக் கணக்கு முடங்கியது. எங்கோ வட மாநிலத்தில் ஏமாந்த ஒருவருடைய பணம் சுற்றிச் சுற்றி இவர் கணக்குக்கு வந்திருக்கிறது. இவரிடமிருந்து போன லேப்டாப் மோசடிக்காரன் கையில் சுத்தமான ரொக்கமாகிவிட்டது. அங்கே கொடுத்த புகாரின் பேரில் இங்கே முடக்கம். நான் பொருள் விற்றேன், அதற்கான பணம் இது என்று நிரூபிக்க அவரிடம் இருந்தது பாதி அழிந்துபோன ஒரு அரட்டை மட்டும். அவர் பட்ட அலைச்சலைப் பார்த்த பிறகு நானும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஐயாயிரத்துக்கு மேல் எதை விற்றாலும் வெள்ளைத்தாளில் பொருள், சீரியல் நம்பர், தொகை, தேதி, இருவர் கையெழுத்து. வாங்குபவரின் அடையாள அட்டையை ஒரு ஜெராக்ஸ். பணம் அனுப்புகிறவர் பெயரும் பொருளை எடுப்பவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரொக்கம் கொடுங்கள் என்று சொல்லிவிடுவேன். இதற்குக் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு, போகட்டும்.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கு என் கடை அனுபவத்தில் கொஞ்சம் சொல்ல வேண்டும். மே மாத சீசனில், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில், ஊட்டியில் தொலைகிற போன்கள் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? போனில் *#06# அடித்தால் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கில எழுத்தில் கே.ஒய்.எம். என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். 2023 மே மாதம் முதல் நாடு முழுக்க இருக்கும் வசதி இது. தடை செய்யப்பட்டது என்றோ, போலி எண் என்றோ, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்றோ வந்தால் போனைக் கையில் வாங்காதீர்கள். எண் சுத்தமாக வந்தாலும் இன்னும் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. ஒன்று, பழைய உரிமையாளரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு. அவர் நம் முன்னால் அதிலிருந்து வெளியேறி, போனை அழித்து, புதுசாகத் திறந்து காட்ட வேண்டும். "வீட்டுக்குப் போய் பாஸ்வேர்டு அனுப்பறேன்" என்ற வாக்குறுதியோடு என் கடைக்கு வந்த போன்களில் பல மேஜை டிராயரிலேயே கிடக்கின்றன. இன்னொன்று தவணை. தவணையில் எடுத்த சில போன்களில் கடன் கொடுத்த கம்பெனியின் பூட்டு உள்ளேயே இருக்கும். முதல் ஆள் தவணை கட்டாமல் விட்டால் அடுத்த மாதம் உங்கள் கையில் அது பூட்டிக்கொள்ளும். பில்லைக் கேளுங்கள், கடன் முடிந்த கடிதத்தைக் கேளுங்கள்.

வண்டிக்கு வருவோம். நேரில் பார்ப்பது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், என்ன பார்ப்பது என்று சொல்லாமல் விட்டால் எப்படி? காலையில் போங்கள். ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் ஒரு வண்டி எத்தனையாவது உதையில் கிளம்புகிறது என்பது எந்த மெக்கானிக்கும் எழுதித் தர முடியாத சான்றிதழ். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நமக்காக முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள். ஒரு கப் காபி குடித்துவிட்டு, ஆறிய பிறகு கிளப்பச் சொல்லுங்கள். குன்னூரிலிருந்து கேத்தி வழியாக ஊட்டி ரோட்டில் ஒரு ஆளைப் பின்னால் வைத்து ஏறுங்கள். எஞ்சின் கத்தியும் வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. மலையில் ஓடிய வண்டிகளில் கிளட்ச்சும் பிரேக்கும்தான் முதலில் தேயும். மீட்டரில் கிலோமீட்டர் குறைவு என்பதை வைத்து நம்பிவிடாதீர்கள். இங்கே ஓடும் ஒரு கிலோமீட்டர் சமவெளிக் கிலோமீட்டர் இல்லை.

கேமரா லென்ஸ் வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குச் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கும், விற்பவருக்கே தெரியாமல்கூட. ரூம் ஹீட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ப்ளக்கைத் தொட்டால் போதும். பிளாஸ்டிக் இளகுகிற மாதிரி சூடானால் வேண்டாம்.

வண்டியை விற்கிறவர்கள் பணம் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கோத்தகிரிக்காரர் ஒருவர் ஸ்கூட்டரை விற்று, "பேரை மாத்திக்கோங்க தம்பி" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். தம்பி மாற்றவில்லை. கோயம்புத்தூரில் ஹெல்மெட் போடாததற்கும் சிக்னலைத் தாண்டியதற்கும் அபராதச் செய்தி இவர் போனுக்கு வந்துகொண்டே இருந்தது. அபராதத்தோடு போனால் நல்லது. விபத்து நடந்தால்? பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்தாகி, பரிவாகன் தளத்தில் ஏறிய பிறகே எனக்கு வண்டி விற்றுப்போனதாகக் கணக்கு. மாநிலத்துக்குள் விற்றால் பதினாலு நாளுக்குள் தெரிவிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. கடன் இருந்த வண்டியானால் படிவம் 35-ம், கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் வேண்டும். வண்டியை ஒப்படைத்த தேதியோடு மணியையும் எழுதி வாங்குங்கள். அன்று சாயங்காலமே வண்டி எங்காவது மோதினால் அந்த மணிதான் பேசும்.

எல்லாம் மீறிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் வேலை 1930. 2021-ல் 155260 என்ற எண்ணோடு தொடங்கிய உதவி எண்தான் இப்போது இப்படிச் சுருங்கியிருக்கிறது. போன பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து ஏ.டி.எம்.முக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். அது எங்காவது நிற்கும்போதே பிடித்து முடக்குவதுதான் அந்த ஏற்பாடு. அதனால் மறுநாள் காலை வரை காத்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. கையில் வைத்திருக்க வேண்டியவை: பணம் போன நேரம், தொகை, பன்னிரண்டு இலக்க பரிவர்த்தனை எண், எதிராளியின் யு.பி.ஐ. முகவரி, போன் நம்பர். அரட்டையை அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். கோபத்தில் முதலில் எல்லோரும் செய்வது அந்த எண்ணை பிளாக் செய்து அரட்டையை அழிப்பதுதான். பிறகு தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரை எழுத்தாகப் பதியலாம். ஊட்டியில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது.

வங்கி கொடுத்துவிடும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கைப்படி, நம் தப்பு இல்லாமல் வெளியாள் எடுத்த பணத்தை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை. ஆனால் நாமே பின் போட்டு அனுப்பியதை வங்கிகள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாம் தகவல் சொல்லும் வரை போனது நம் தலையில்தான். தகவல் சொன்ன பிறகும் போனால் வங்கியின் பொறுப்பு. சீக்கிரம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

புகார் கொடுத்த பிறகு இன்னொரு அலை வரும். கொலக்கம்பைத் தம்பியின் 2,150 ரூபாய்க்கு அன்று கடையிலிருந்தே 1930-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தோம். ஒரு வாரம் கழித்து அவன் அப்பாவுக்கு ஒரு அழைப்பு வந்தது. சைபர் கிரைம் அதிகாரியாம், பணத்தைப் பிடித்துவிட்டார்களாம், விடுவிக்கக் கோர்ட் ஃபீஸ் 850 ரூபாய் அனுப்ப வேண்டுமாம். முடக்கிய பணத்தைத் திருப்பி வாங்கச் சில சமயம் நீதிமன்ற உத்தரவு தேவைப்படும் என்பது நிஜம்தான், அதைத் தெரிந்துகொண்டுதான் பேசியிருக்கிறான். ஆனால் எந்தப் போலீஸும் அதற்கு யு.பி.ஐ.யில் காசு கேட்பதில்லை. பெரியவர் எஸ்டேட்டில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஊட்டி ஸ்டேஷனுக்கு நானே பஸ் ஏறி வர்றேனுங்க சார், அங்கயே கட்டிக்கறேன், ரசீது குடுங்க" என்று சொன்னாராம். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். சொன்னபடி அவர் பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போய் அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிட்டுத்தான் வந்தார். 2,150 ரூபாய் இன்னும் வரவில்லை.